கோட்டுக்கு அடியில் ஐந்து மார்க்

ஊரே கை கொடுத்துப் பாராட்டிய ஒரு மார்க், ஷீபாவின் வீட்டில் மட்டும் சோற்றை இறங்கவிடாமல் செய்தது. மகள் ஏஞ்சலின் பிளஸ் டூ கணக்கில் தொண்ணூற்றொன்று எடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குசாமியார் மைக்கிலேயே அறிவித்தார். லாரன்ஸ் ஷீபா தம்பதியின் மகள் நம் பங்குக்கே பெருமை சேர்த்திருக்கிறாள் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஏஞ்சலின் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என்ன அடக்கமான பெண் என்று பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது ஷீபாவின் காதில் விழுந்தது. அது அடக்கமில்லை, அழுகையை அடக்குவது என்று திரும்பிச் சொல்லவா முடியும்? எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்க வீடு வந்து சேர்ந்தாள்.

வடக்கனந்தலைத் தாண்டி மேற்கே போனால், கல்வராயன் மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் அவர்கள் ஊர். அங்குள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் ஷீபா சத்துணவுச் சமையலர். பதினாறு வருடமாக அந்தப் பள்ளியின் அடுப்பு அவள் கையில். கணவன் லாரன்ஸ் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

அன்று மத்தியானம் ரங்கம்மாள் வந்தாள். பள்ளிச் சமையலறையில் ஷீபாவுக்கு உதவியாள், வயதில் பெரியவள். கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"ஏன்டி, தொண்ணூத்தொண்ணு எடுத்த வூட்ல இன்னாத்துக்கு இப்படி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்க? எம் பொண்ணு எழில்மதி எம்பத்தாறுதான். அதுக்கே நான் ஊரு முழுக்க ஜிலேபி குடுத்துக்கினு வரேன்."

"போன வாரம்தானக்கா குடுத்த?"

"அது எம் பேரன் பொறந்ததுக்கு. இது பொண்ணு பாஸானதுக்கு. ரெண்டுத்தையும் ஒரே பொட்டலத்துல முடிக்க நான் என்ன கஞ்சப் பிசினாறியா?"

ஷீபா ஒரு ஜிலேபியை எடுத்தாள். பிட்டாள். கையிலேயே வைத்திருந்தாள். ரங்கம்மாள் போன பிறகு அதை மறுபடி பொட்டலத்திலேயே வைத்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்றில் என்ன குறை என்பது ஷீபாவுக்கே முதலில் புரியவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் அவள். ஏஞ்சலின்தான் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"ம்மா, இஞ்சினீரிங்குக்கு மொத்தம் எரநூறு மார்க்கு. அதுல கணக்கு முழு கரண்டி. பிசிக்ஸ் அரை கரண்டி, கெமிஸ்ட்ரி அரை கரண்டி. பிசிக்ஸ்ல ரெண்டு மார்க்கு போனா ஒண்ணுதான் போவும். கணக்குல ஒண்ணு போனா ஒண்ணும் முழுசா போவும்."

"அப்ப உனக்கு ஒம்போதும் முழுசா போச்சா?"

"முழுசா போச்சு."

பிசிக்ஸ் தொண்ணூற்றெட்டு, கெமிஸ்ட்ரி தொண்ணூற்றொன்பது. பாதியாக்கிக் கூட்டினால் மொத்தம் நூற்றெண்பத்தொன்பதரை. அவள் ஆசைப்பட்டது சென்னையில் இருக்கிற பழைய அரசுக் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ். ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவின் லாரியில் மலைக்குப் போனவள், பாதி வழியில் வண்டி நின்று, செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாமல் ஒரு பகல் முழுக்க ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து டவர், சிக்னல் என்றேதான் பேச்சு. அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலுக்குக் குறைந்து போன வருடம் கதவு திறக்கவில்லை. நாலரை மார்க் தூரம். ஊருக்கு அது தொண்ணூற்றொன்று. அந்தக் கதவுக்கு முன்னால் அது போதாத மார்க்.

"நான் தொண்ணூத்தாறுக்குக் கொறையாம எதிர்பாத்தேன்மா. எங்கயோ அஞ்சு மார்க்கு போயிருக்கு. விடைத்தாள் காப்பி கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். வரட்டும்."

அந்த ஐந்து மார்க்கைத்தான் தாயும் மகளும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இஞ்சினீரிங் சேர்க்கைக்கு விண்ணப்பம் போடுவதற்காக இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இளவரசன் என்கிற பையன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். கடையில் கூட்டம். பிள்ளைகளைவிட அப்பா அம்மாக்கள்தான் அதிகம். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்கள். இவர்கள் முறை வந்தபோது இளவரசன் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு போனான்.

"ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்தானேக்கா?"

"ஆமாப்பா, கவர்மெண்டுதான்."

"இல்லண்ணா," என்றாள் ஏஞ்சலின். "ஆறும் ஏழும்தான் கவர்மெண்டு. எட்டுலேர்ந்து மிஷன் ஸ்கூல். எய்டட்."

இளவரசனின் கை மவுஸின் மேல் நின்றது. "எய்டடா? அப்ப 'நோ'தான் போடணும்."

"இன்னாத்துக்கு நோ?" என்றாள் ஷீபா. "புக்கு கவர்மெண்டு குடுத்தது. சைக்கிளு கவர்மெண்டு. பஸ் பாஸு கவர்மெண்டு. அங்க இருக்கற டீச்சருக்கு சம்பளமே கவர்மெண்டுதான் குடுக்குது. மத்தியானம் போடறாங்களே, அது கூட எங்க டிபார்ட்மெண்டு சோறுப்பா. அப்புறம் அது எப்பிடி கவர்மெண்டு இல்லன்னு ஆவும்?"

"சோத்த பாத்து சீட்டு குடுக்கறதில்லக்கா." பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். இளவரசன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி விளக்கினான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு நூற்றுக்கு ஏழரை சீட் தனியாக உண்டு. அதில் போட்டி குறைவு, கட்டணமும் அரசே கட்டும். உதவி பெறும் பள்ளி அதில் வராது.

"அதுல இருந்தா இந்த மார்க்குக்கு அந்த காலேஜ் கெடைக்குமா?"

"தாராளமா கெடைக்கும்க்கா. நூத்தி எம்பத்தொம்பதுன்னா அதுல மொத வரிசை."

ஷீபா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "எட்மாஸ்டரு எனக்கு நல்லா தெரிஞ்சவருப்பா. நான் அங்கதான் சமைக்கிறேன். அவர்கிட்ட ஒரு சர்டிபிகேட்டு எழுதி வாங்கியாந்தா..."

"எமிஸ் நம்பரு போட்டாலே எந்த வருஷம் எந்த ஸ்கூலுன்னு வந்துடும்க்கா. யாரு எழுதிக் குடுத்தாலும் மாத்த முடியாது."

ஏஞ்சலின் அம்மாவைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த ரீசார்ஜ் விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணை வைத்துக்கொண்டு அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட பிறகுதான் ஷீபாவுக்கு உறைத்தது. இளவரசன் 'நோ'வை அழுத்தினான். சின்னச் சத்தம்தான். ஒரு பயறு தட்டில் விழுகிற சத்தம்.

திரும்புகிற பஸ்ஸில் ஷீபா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கரும்பு வயலும் மக்காச்சோளமும் பின்னால் ஓடின. அவள் கண் எதிலும் நிற்கவில்லை.

தான் சமைக்கிற அந்த அரசுப் பள்ளியிலிருந்து பெண்ணை எடுத்தது யார்? அவள்தான். வேறு யாருமில்லை. லாரன்ஸ்கூட வேண்டாம் என்றான்.

ஏஞ்சலின் ஏழாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனார். தீபாவளி போய், பொங்கல் போய், அந்த இடம் காலியாகவே கிடந்தது. கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் சமையலறை வாசலுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஷீபா அதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தாள். வெளியில் இருக்கிற பெற்றோருக்கு இது தெரியாது. உள்ளே கரண்டி பிடிக்கிறவளுக்குத் தெரியும். அதுதான் வினை.

அவளே தியாகதுருகத்தில் எட்டாவது படிக்கும்போது கணக்கில்தான் விழுந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. அப்பா நோட்டைப் பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்திவிட்டார். கணக்கு வராததனால் அடுப்புக்கு வந்தேன் என்று ஷீபா எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். பெண்ணுக்கு அது நடக்கக்கூடாது. பங்குசாமியாரைப் பார்த்துச் சொல்லி, மிஷன் பள்ளியில் எட்டாவதில் சேர்த்தாள். அங்கே கணக்குக்கு ஜெயசுதா டீச்சர் இருந்தார். காலை ஆறரை பஸ், இருட்டுகிற நேரத்தில் வீடு. ஐந்து வருடம் அந்தப் பெண் தூங்கிக்கொண்டே பஸ் ஏறினாள். எல்லோரும் ஷீபாவை மெச்சினார்கள். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே பிள்ளையைப் போடாமல் நல்லதைத் தேடிப் போனாளே, அவளல்லவோ தாய் என்றார்கள்.

ரங்கம்மாளும் எழில்மதியை அங்கே சேர்க்கத்தான் பார்த்தாள். எழில்மதிக்கு பஸ் ஏறினால் வாந்தி. மூன்று நாள் போய் மூன்று நாளும் யூனிபார்மை நனைத்துக்கொண்டு திரும்பினாள். நாலாம் நாள் ரங்கம்மாள், "எந்த எழவுக்கோ, இங்கயே கெட" என்று பழைய பள்ளியிலேயே விட்டுவிட்டாள். டிசி கூட வாங்கியிருக்கவில்லை.

அந்த ஜூன் மாதமே அறிவுச்செல்வன் என்று ஒரு கணக்கு வாத்தியார் அங்கே வந்து சேர்ந்தார். தங்கமான வாத்தியார். சாயந்திரமும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு ஐந்து வருடமாகத் தட்டில் சோறு போட்டவள் ஷீபா.

விடைத்தாள் நகல் வந்துவிட்டதாக ஒரு வாரம் கழித்து மெசேஜ் வந்தது. இளவரசனே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். ஏஞ்சலின் கடையில் வைத்துப் பார்க்கவில்லை. பஸ்ஸிலும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, பாயில் பக்கங்களை வரிசையாகப் பரப்பினாள். ஷீபா எதிரில் உட்கார்ந்தாள். ஜெபமாலை கையில் இருந்தது, மணி நகரவில்லை.

ஒவ்வொரு பக்கமாக விரல் ஓடியது. இங்கே ஒன்று, அங்கே அரை. சின்னச் சின்னதாகப் போனவை. பதினாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

அந்தப் பக்கம் முழுக்க அழகான எழுத்தில் ஓர் ஐந்து மார்க் கணக்கு. மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை பேனாவால் இழுத்த ஒரு கோடு. பக்கத்தின் அடியில் புதிதாக இரண்டே வரி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சைபர்.

"கோடு யாரு போட்டது? திருத்துனவங்களா?" ஷீபாவின் குரலில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"நான்தான்."

"தப்பா?"

ஏஞ்சலின் கோட்டுக்கு அடியில் கிடந்த பழைய கணக்கை வரி வரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்தாள். மறுபடி மேலே போனாள். "சரியாதாம்மா போட்டிருக்கேன். முழுக்க சரி. போட்டுட்டு நானே அடிச்சிருக்கேன்."

"சரியா போட்டத ஏன்டி அடிச்ச?"

"கொதிக்கிற தண்ணிய எடுத்து வெச்சா மொத பத்து நிமிஷத்துல இருவது டிகிரி ஆறுது. அடுத்த பத்து நிமிஷம் கழிச்சி எவ்ளோ சூடு இருக்கும்னு கணக்கு. எனக்கு அறுவத்தஞ்சு புள்ளி மூணு மூணுன்னு வந்துது. மொத பத்து நிமிஷத்துல இருவது எறங்குது, அடுத்த பத்து நிமிஷத்துல பதினஞ்சு கூட எறங்கல. எங்கயோ லாக்ல தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிட்டேன். மூணு நிமிஷம்தான் இருந்தது. அடிச்சிட்டு திருப்பி ஆரம்பிச்சேன். மணி அடிச்சிட்டாங்க."

ஷீபா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெண் வாயால் சொன்னது புரிந்தது. புரியாமல் என்ன, பதினாறு வருடமாக அதைத்தானே பார்க்கிறாள்.

"தண்ணி அப்பிடித்தான்டி ஆறும்," என்றாள். "அண்டாவ எறக்கி வெச்சா மொத சூடு சட்டுனு போயிடும். அப்புறம் போகப் போக மெள்ளத்தான் ஆறும். வெதுவெதுப்பு மணிக்கணக்கா நிக்கும். இது ரங்கம்மாளுக்குக் கூட தெரியுமே."

ஏஞ்சலின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரிப்பது மாதிரித்தான் வாய் போனது. பிறகு முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

ஷீபாவுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு முந்தின சாயந்திரம் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டபடி அவள் சொன்னாள்: முடிச்சிட்டு சும்மா ஒக்காராத, திரும்ப ஒரு தடவ பாரு, சந்தேகம் வந்தா அடிச்சிட்டு திருப்பி எழுது. கணக்கில் இரண்டு தடவை விழுந்தவள் சொன்ன யோசனை.

"நான் சொன்னதுனாலயா அடிச்ச?"

"அதெல்லாம் இல்லம்மா." பதில் சட்டென்று வந்தது. அவ்வளவு சட்டென்று வந்திருக்கவேண்டாம்.

மறுநாள் நகலை எடுத்துக்கொண்டு மிஷன் பள்ளிக்குப் போனார்கள். ஜெயசுதா டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். பதினாலாம் பக்கத்தில் உதட்டைக் கடித்தார்.

"மறு மதிப்பீட்டுக்குப் போடலாமா டீச்சர்? கோட்டுக்கு அடியில சரியா இருக்குதே. கண்ணுக்குத் தெரியுதுங்களே."

"கண்ணுக்குத் தெரியுதும்மா. ஆனா புள்ளையே அடிச்சிட்டா. அடிச்சிட்டு கீழ வேற எழுத ஆரம்பிச்சிருக்கா. கீழ இருக்கறதத்தான் திருத்துவாங்க. மேல இருக்கறத இல்லன்னுதான் வெச்சிக்குவாங்க."

"கேட்டுப் பாக்கறதுல இன்னா டீச்சர்?"

டீச்சர் இன்னொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. இதுல நடுவுல ஒரு படி விட்டுட்டா. இதுக்கு முழுசா அஞ்சு குடுத்திருக்காங்க. திரும்பத் திருத்தச் சொன்னா எல்லாத்தையும்தான் திருத்துவாங்க. இதுல ரெண்டு கொறைச்சா, அந்தக் கொறைஞ்சதுதான் முடிவு. இப்ப இருக்கற தொண்ணூத்தொண்ணும் இருக்காது."

கேட்டால் இருப்பதும் போகலாம். கேட்காவிட்டால் போனது போனதுதான். ஷீபா காகிதங்களை அடுக்கி வாங்கிக்கொண்டாள். மறு மதிப்பீட்டுக்குக் கடைசி நாள் வந்தது, போனது. அவர்கள் போடவில்லை.

லாரன்ஸ் மலையிலிருந்து இறங்கிய அன்று விஷயத்தைக் கேட்டான். கோடு போட்ட பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "எங்க ஆர்.டி.ஓ. ஆபீசுல கூட அடிச்சத கையெழுத்து போட்டா ஒத்துக்குவாங்க," என்றான். யாரும் சிரிக்காததால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனான்.

பள்ளி திறந்தது. ஷீபா வழக்கம்போல் வெங்காயம் நறுக்கினாள், முட்டை வேகவைத்தாள். அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கி வைக்கும்போதெல்லாம் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. முதல் பத்து நிமிடம். அடுத்த பத்து நிமிடம். ஒருநாள் தொட்டுக்கூடப் பார்த்தாள். ரங்கம்மாள், "கைய சுட்டுக்காதடி, உனக்கு இன்னா ஆச்சு" என்று கையை இழுத்தாள்.

ஜூலையில் கலந்தாய்வு. கல்லூரிகளை ஆசைப்படி வரிசைப்படுத்திக் கொடுத்து, கிடைத்த இடம் திரையில் வருகிற நாளும் வந்தது. அன்று காலை ரங்கம்மாள் சமையலறைக்கு வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது. அரிசி களைந்தாள், பேசவில்லை. பாத்திரம் எடுத்தாள், பேசவில்லை. ரங்கம்மாள் பேசாமல் இருக்கிறாள் என்றால் ஏதோ உண்டு.

"எழில்மதிக்கு வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு."

"எங்க?"

ரங்கம்மாள் களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். "மெட்ராசுதான். அந்த காலேஜுதான். எலெக்ட்ரானிக்ஸு. ஏழரைல."

அண்டாவில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஷீபா அடுப்பைக் குறைத்தாள்.

"ஜிலேபி எங்க?"

"வாங்கல."

"ஏன்?"

"உன் மூஞ்சப் பாத்துக்கினு எப்பிடிடி நான் ஜிலேபி நீட்டுவேன்?"

ஷீபா அவள் பக்கத்தில் போய் நின்றாள். எழில்மதிக்கு ஆறாவதிலிருந்து பத்தாவது வரை சோறு போட்டவள் அவள்தான். முட்டையில் மஞ்சள் கரு பிடிக்காது என்று வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை ரங்கம்மாளுக்குத் தெரியாமல் ஷீபாவிடம் கொண்டுவந்து கொடுக்கிற பெண். அந்தப் பெண் மேல் கோபப்பட முடியவில்லை. சந்தோஷமும் முழுதாக வரவில்லை. நெஞ்சில் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"நாளைக்கு வாங்கியா. எனக்கு ரெண்டு வேணும்," என்றாள். "ஆமா, மெட்ராசுக்கு பஸ்ஸுல எப்பிடி போவா உம் பொண்ணு?"

"பிளாஸ்டிக் கவரு ஒரு கட்டு வாங்கி வெச்சிருக்கேன். உளுந்தூர்பேட்டை தாண்டறதுக்குள்ள பாதி ஆயிடும்." சொல்லிவிட்டு ரங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யாருக்காக என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

சாயந்திரம் ஷீபாவும் ஏஞ்சலினும் இளவரசன் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏஞ்சலினுக்கு வந்தது முதல் ஆசையில்லை, பத்தாவது ஆசையுமில்லை. வரிசையில் முப்பத்தேழாவது. சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, அதில் எலெக்ட்ரானிக்ஸ். அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு, மேலே ஏதாவது காலியானால் வேண்டும் என்று காத்திருக்கலாம். இல்லை, வேண்டாம் என்று விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். அடுத்த சுற்றில் இதுவும் இல்லாமல் போகலாம். நாளை சாயந்திரத்துக்குள் ஒன்றை அழுத்தவேண்டும்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று ஏஞ்சலின் கேட்டாள்.

ஷீபாவுக்கு வாய்வரை வந்தது. விட்டுடு, இன்னும் நல்லதா வரும் என்று ஒரு பக்கம். இருக்கறத கெட்டியா பிடிச்சிக்கோ என்று இன்னொரு பக்கம். எட்டாவதில் பள்ளியை மாற்றியபோதும் இப்படித்தான் நிச்சயமாகத் தோன்றியது. தலை வாரிவிட்டுச் சொன்னபோதும் நிச்சயமாகத்தான் தோன்றியது. உதட்டை மூடிக்கொண்டாள்.

"நீயே அழுத்து."

"தப்பா போயிட்டா?"

"போவட்டும். நீயே அழுத்து."

ஏஞ்சலின் இரண்டாவதை அழுத்தினாள். எடுத்துக்கொள்கிறேன், மேலே காத்திருக்கிறேன். உறுதியா என்று திரை கேட்டது. அவள் விரல் நின்றது. "ம்மா, திரும்ப ஒரு தடவ பாத்துடட்டுமா?"

"வேணாம்," என்றாள் ஷீபா. "பாத்த வரைக்கும் போதும்."

மேலே எதுவும் காலியாகவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரையில் அதே முப்பத்தேழாவது பெயர்தான் இருந்தது. ஏஞ்சலின் அதைப் படித்துவிட்டு, "சேலத்துக்கு அப்பா லாரியிலயே போயிடலாம், கெழங்கு மூட்ட மேல ஒக்காந்துக்கினு" என்றாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கை அது. லாரன்ஸ் மட்டும் சத்தமாகச் சிரித்தான்.

பதினாலாம் பக்கத்தை ஏஞ்சலின் குப்பையில் போட்டிருந்தாள். ஷீபா அதை எடுத்து நீவி பைபிளுக்குள் வைத்தாள்.

ஆகஸ்டில் எழில்மதி சென்னைக்கும் ஏஞ்சலின் சேலம் பக்கத்துக்கும் போன அடுத்த வாரம், பள்ளியில் ஒரு பேச்சு கிளம்பியது. அறிவுச்செல்வன் வாத்தியாருக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஆள் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாளே கணக்குப் பாடவேளையில் பிள்ளைகள் சமையலறை வாசலுக்குத் தண்ணீர் குடிக்க வந்தார்கள்.

அன்று மத்தியான மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் கோகிலவாணி வந்தாள். வடக்கனந்தல் பக்கம் குத்தகைக்கு நிலம் வைத்திருக்கும் குடும்பம். சமையலறைக்குக் கீரையும் கத்திரிக்காயும் கொண்டுவருகிறவள். மகள் இங்கே ஏழாவது படிக்கிறாள். கூடையை இறக்கிவிட்டு ஷீபாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கா, உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீ உள்ளயே இருக்கறவ, உனக்குத் தெரியும். கணக்கு வாத்தியாரு போயிட்டாராமே. எம் பொண்ணு கணக்குல கெட்டி. இந்த வருஷத்தோட மிஷன் ஸ்கூலுக்கு மாத்திடலாமான்னு பாக்கறேன். நீ உம் பொண்ண மாத்துனியே, தொண்ணூத்தொண்ணு எடுத்துச்சே. இன்னாக்கா சொல்ற, மாத்தட்டா?"

ஷீபாவின் கையில் கரண்டி. வாசலில் இரண்டு பிள்ளைகள் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பாடவேளை. அவர்களில் சடை போட்டிருந்தவள் கோகிலவாணியின் மகள்.

"மாத்..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள். "இல்ல, நீ..." அதுவும் நின்றுவிட்டது.

கோகிலவாணி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரங்கம்மாளும் முட்டை உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இரண்டு பதிலும் ஷீபாவுக்குத் தெரியும். இரண்டுக்கும் என்ன விலை என்பதும் தெரியும்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்தார்கள். கோகிலவாணியின் மகள்தான் முதலில் வந்து தட்டை நீட்டினாள்.

"சாதம் சுடுதா ஆயா?" என்று கேட்டாள். சமையல் செய்கிறவளை அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இப்பத்தான் எறக்குனது. மேல ஆறியிருக்கும், உள்ள சுடும். பாத்து தின்னு," என்றாள் ஷீபா. கரண்டி நிறைய அள்ளி, ஒரு பருக்கை சிந்தாமல் தட்டில் வைத்தாள். கோகிலவாணி கூடையை எடுக்காமல் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.